சத்தமில்லாத பழுதுகள்

சொந்த உபயோகத்துக்கான காருக்குப் பதிவுச் சான்று 15 ஆண்டுகள் செல்லும். அதற்குப் பிறகும் ஓட்ட வேண்டுமானால் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டித் தகுதிச் சான்று வாங்கி, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். எஃப்.சி. காட்டுவது என்று நாம் சொல்வது இதைத்தான். பல வீடுகளில் கார் அடிமுதல் நுனிவரை பரிசோதிக்கப்படுவது அப்போதுதான். மெக்கானிக் வண்டியைத் தூக்கி நிறுத்திப் பார்த்துவிட்டு ஒரு சீட்டு எழுதித் தருவார். முன்பக்க லோயர் ஆர்ம் இரண்டு, ஷாக் அப்சார்பர் நான்கு, கிளட்ச் பிளேட், டைமிங் பெல்ட், ரேடியேட்டர், பிரேக் ஆயில், ஏ.சி. கம்ப்ரசர், டிங்கரிங், பெயிண்டிங். கூட்டிப் பார்த்தால் வண்டியை விற்றால் வரும் தொகையை நெருங்கும். எல்லாவற்றையும் செய்யக் கையில் பணம் இருக்காது. ஒன்றும் செய்யாமல் விடவும் மனம் ஒப்பாது.

இந்த நேரத்தில் பெரும்பாலோர் காதும் கண்ணும் சொல்வதைக் கேட்கிறார்கள். குழியில் இறங்கும்போது கடகடவென்று அடிக்கும் ஷாக் அப்சார்பர் முதலில் மாறும். அடுத்து வெளுத்துப்போன பெயிண்ட். கோடை நெருங்கினால் ஏ.சி. பிரேக் ஆயிலை யாரும் நினைப்பதில்லை. அது சத்தம் போடாது, நாறாது, ஊருக்குள் ஓட்டும்போது எந்த வித்தியாசமும் காட்டாது. இந்த வரிசை தலைகீழானது. எந்த வேலை முதலில் என்று முடிவு செய்ய, ஒவ்வொரு பாகத்தைப் பற்றியும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். கைவிடுவதற்கு முன்னால் இது எச்சரிக்கை தருமா? கைவிட்டால் வேறு எதை, யாரை, தன்னோடு இழுத்துக்கொண்டு போகும்? பாகத்தின் வயதும் ஓடிய கிலோமீட்டரும் இதற்குப் பிறகு கேட்க வேண்டியவை.

இந்தச் சிந்தனை முதலில் உருவானது விமானக் கொட்டகைகளில். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் கடலோர விமானப்படைப் பிரிவு, நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிப் பறந்த விமானங்களைக் குறிப்பிட்ட மணிநேரத்துக்கு ஒருமுறை கழற்றிப் பராமரித்து வந்தது. அங்கே ஆய்வுக் குழுவில் இருந்த கான்ராட் ஹால் வாடிங்டன் உண்மையில் ஓர் உயிரியலாளர். கருவளர்ச்சி பற்றிய ஆராய்ச்சிக்குப் பேர்போனவர். பழுதுப் பதிவேடுகளை அவர் குழு ஆராய்ந்தபோது எதிர்பாராத ஒன்று தெரிந்தது. பராமரிப்பு முடிந்து வெளியே வந்த உடனேயே பழுதுகள் கூடின. பறக்கப் பறக்கக் குறைந்தன. அடுத்த பராமரிப்புக்குப் பிறகு மறுபடி ஏறின. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைப் பிரித்துப் பூட்டியதே பாதித் தொல்லைக்குக் காரணம்.

அதன் பிறகு 1978இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டான்லி நௌலன், ஹோவர்ட் ஹீப் இருவரும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக ஓர் அறிக்கை எழுதினார்கள். விமானப் பாகங்கள் எந்த வயதில் பழுதாகின்றன என்று அவர்கள் வரைபடம் போட்டுப் பார்த்ததில், வயது ஏற ஏறப் பழுது கூடும் பாகங்கள் 11 சதவீதம் மட்டுமே. 68 சதவீதப் பாகங்களில் பழுது அதிகம் வந்தது புதிதாகப் பொருத்திய தொடக்கக் காலத்தில். அதைத் தாண்டிவிட்டால் வயதுக்கும் பழுதுக்கும் தொடர்பே இல்லை. பழையதாகிவிட்டது என்பதற்காகவே ஒன்றை மாற்றுவது பல சமயம் வீண் செலவு, சில சமயம் ஆபத்தும்கூட என்பது அன்றிலிருந்து பராமரிப்புத் துறையின் அடிப்படைப் பாடமாகிவிட்டது.

ஆனால் இதைக் காருக்கு அப்படியே எடுத்துவந்துவிடக் கூடாது. அந்த அறிக்கையே ஒரு வேறுபாட்டைச் சொல்கிறது. பல உறுப்புகள் சேர்ந்த சிக்கலான கருவிகளுக்குத்தான் வயது பொருட்டில்லை. டயர், பிரேக் கட்டை போல ஒரே வேலையைச் செய்து ஒரே விதத்தில் கெடும் எளிய பாகங்களுக்கு வயது உண்டு; அவை தேயும், களைக்கும், அரிக்கும். மின்னணுப் பெட்டியோ ஆல்டர்னேட்டரோ எப்போது போகும் என்று ஜோசியம் சொல்ல முடியாது. ஓடட்டும், போனால் மாற்றிக்கொள்ளலாம். ரப்பரும் திரவமும் தேயும் உலோகமும் வேறு வகை. அவற்றின் கடிகாரம் நாம் கவனிக்காவிட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

பிரேக் ஆயிலிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மெக்கானிக் தரும் சீட்டில் மிக மலிவானது அதுதான். நான் முதலிடம் தருவதும் அதற்குத்தான். ஆயில் என்று சொன்னாலும் அது எண்ணெய் அல்ல, கிளைக்கால் வகைச் சேர்மங்களின் கலவை. மிதியை அழுத்தும்போது அந்த அழுத்தத்தை நான்கு சக்கரங்களுக்கும் கொண்டுபோவது இந்தத் திரவம். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது என்ற ஒரே குணத்தின் மேல்தான் முழு ஏற்பாடும் நிற்கிறது. கிளைக்காலுக்கு ஒரு பழக்கம் உண்டு: ஈரத்தை உறிஞ்சும். ரப்பர் குழாய்களின் சுவர் வழியாகவும் மூடியின் இடுக்கு வழியாகவும் காற்றின் ஈரம் மெல்ல மெல்ல உள்ளே போகிறது. டாட் 3 தரத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால், தாங்க வேண்டிய அளவு 140 டிகிரிதான். டாட் 4 தரத்தில் 230 என்பது 155 ஆக இறங்கும். கடற்கரை ஊர்களின் காற்று எவ்வளவு ஈரமானது என்று சொல்லத் தேவையில்லை.

140 டிகிரி என்பது பெரிய சூடாகத் தோன்றலாம். ஆட்களோடு சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள சிறிய கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 139 கிலோஜூல். நிறுத்தினால் அத்தனையும் வெப்பமாக மாறிப் பெரும்பகுதி பிரேக்குக்குள்தான் போகிறது. அரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரக் கிட்டத்தட்ட அது போதும். இப்போது அதே கார் ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்குகிறது. ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். அடிவாரம் 300 மீட்டரைச் சற்றுத் தாண்டும். 1,900 மீட்டர் இறக்கத்தில் வண்டி இழக்கும் நிலை ஆற்றல் 18,600 கிலோஜூல். 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 130 முறைக்கு மேல் நிறுத்துவதற்குச் சமம் அது. இதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் எடுத்துக்கொள்ளும். இரண்டாவது கியரில் இறங்கினால் என்ஜினும் கணிசமாகத் தாங்கும். கியரைப் பொருட்படுத்தாமல் பிரேக்கை மிதித்தபடியே இறங்குபவரின் வண்டியில் மீதி முழுவதும் டிஸ்க்குக்கும் டிரம்முக்கும் போய், அங்கிருந்து திரவத்துக்கு ஏறுகிறது. ஈரம் ஏறிய திரவம் கொதித்தால் ஆவிக் குமிழிகள் உண்டாகும். ஆவி அமுங்கும். மிதித்தால் குமிழி சுருங்கும், மிதி தரையைத் தொடும், சக்கரம் உருண்டுகொண்டே இருக்கும்.

இன்றைய கார்களில் பிரேக் குழாய்கள் இரண்டு தனித்தனிச் சுற்றுகளாக இருக்கும். ஒன்றில் ஒழுகினாலும் மற்றொன்று பாதி வலுவோடு நிறுத்தும். கொதிக்கும் திரவத்திடம் இந்தப் பாதுகாப்பும் செல்லாது. இரண்டு சுற்றிலும் இருப்பது ஒரே வயதுள்ள அதே திரவம். அதிலும் கொடுமை, மலையிலிருந்து இறங்கி வண்டி ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிடும். பிரேக் சரியாகப் பிடிக்கும். சோதித்துப் பார்ப்பவருக்கு ஒரு குறையும் தெரியாது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இதை மாற்றச் சொல்லிக் கையேடுகள் வலியுறுத்துவது இதனால்தான். ஆகும் செலவு ஒரு டயரின் விலையில் சிறு பகுதி.

அடுத்து சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பாகங்கள்: பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட், வீல் பேரிங். இவை இரண்டு விதமாகப் பழுதாகும். ஒன்று தேய்மானம். பால் ஜாயிண்ட்டின் ரப்பர் உறை கிழிந்ததும் தண்ணீரும் மணலும் உள்ளே போய்க் கிரீஸைக் கெடுக்கும். குமிழ் தேய்ந்து ஆட்டம் கொடுக்கும். முற்றினால் குழியிலிருந்து பிடுங்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். இன்னொன்று உலோக அயர்ச்சி. 1842 மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நல்ல நிலையில் இருப்பதாகத் தெரியும் அச்சு, தாங்கக்கூடிய எடையிலேயே ஏன் முறிகிறது என்ற கேள்வி அன்றைய பொறியாளர்களை வதைத்தது. பிரஷ்ய ரயில்வேயில் இருந்த ஔகுஸ்ட் வோலர் பின்னர் பல ஆண்டுகள் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றிச் சோதித்து விடை கண்டார். ஒரே முறை கொடுத்தால் எளிதில் தாங்கும் சுமையை லட்சக்கணக்கான முறை மாற்றி மாற்றிக் கொடுத்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் தோன்றி, ஒவ்வொரு சுற்றிலும் சிறிது வளர்ந்து, மீந்திருக்கும் உலோகம் போதாமல் போகும் கணத்தில் முறிகிறது. எஃகுக்கு ஓர் எல்லை உண்டு, அதற்குக் கீழான சுமையை எத்தனை கோடி முறையும் தாங்கும் என்றும் அவர் காட்டினார். துரு அந்த எல்லையைக் கீழே இறக்கிவிடும். துரு அரித்த ஒவ்வொரு சிறு குழியும் விரிசலுக்கு ஒரு தொடக்கப் புள்ளி.

நல்ல செய்தி, தேய்மானம் முன்கூட்டியே தெரியும். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பால் ஜாயிண்ட்டின் ஆட்டமும் பேரிங்கின் ஆட்டமும் கைக்குத் தெரியும். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ராட்டின் ஆட்டம். ஆட்டம் தெரியத் தொடங்குவதற்கும் கழன்று விழுவதற்கும் இடையில் அவகாசம் இருக்கிறது. அந்த அவகாசத்தைவிடக் குறைந்த இடைவெளியில் பார்த்துக்கொண்டே இருந்தால், ஆட்டமில்லாத லோயர் ஆர்மை வயதைக் காட்டி மாற்றத் தேவையில்லை. ஆட்டம் இருந்தால் ஒரு வாரமும் தள்ளிப்போடக் கூடாது.

டயரில் ஏமாறுபவர்கள் பெரும்பாலும் குறைவாக ஓட்டுபவர்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுக்கும் வண்டியில் டயரின் பட்டன் புதிதுபோலவே இருக்கும். சட்டம் கேட்கும் 1.6 மில்லிமீட்டர் ஆழத்தைவிட மிக அதிகமாகவே இருக்கும். ஆனால் ரப்பரை ஆக்சிஜனும் ஓசோனும் வெயிலும் ஓட்டாவிட்டாலும் தின்கின்றன. ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளைக் கந்தகம் குறுக்கே இணைத்திருப்பதால்தான் அதற்கு நெகிழ்வு. ஆக்சிஜன் தாக்கத் தாக்க இந்த இணைப்புகள் கூடி ரப்பர் இறுகும். ஓசோன் பக்கச் சுவரில் நுண்ணிய வெடிப்புகளைக் கீறும். பத்து டிகிரி வெப்பம் கூடினால் இத்தகைய வேதிவினைகளின் வேகம் தோராயமாக இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் பழகிய கணக்கு. வெயிலில் நிறுத்திய வண்டியின் டயருக்கு நம் ஊரில் ஆண்டுகள் வேகமாகக் கழிகின்றன. பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். பத்து வயதைத் தாண்டிய டயரில், பட்டன் எவ்வளவு இருந்தாலும், நான்குவழிச் சாலையில் குடும்பத்தை ஏற்றிச் செல்லக் கூடாது. ஸ்டெப்னியின் எண்ணையும் பாருங்கள். பல கார்களில் அது வண்டியோடு வந்ததாகவே இருக்கும்.

உயிருக்கு நேரடி ஆபத்தில்லை, ஆனால் பணப்பையை ஒரே நாளில் காலி செய்யும் என்ற வகையில் இரண்டு முக்கியமானவை: டைமிங் பெல்ட்டும் குளிரூட்டும் அமைப்பும். டைமிங் பெல்ட் கிராங்க் தண்டையும் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டையும் ஒத்திசைத்து ஓட்டும் பல்வைத்த ரப்பர் பட்டை. என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. பல என்ஜின்களில் திறந்த வால்வு இறங்கும் இடத்துக்கே பிஸ்டனும் ஏறி வரும். இரண்டும் வேறு வேறு கணத்தில் வருவதால் மோதுவதில்லை. பெல்ட் அறுந்தால் கேம் நின்றுவிடும், பிஸ்டன் நிற்காது. வால்வுகள் வளையும், சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற வேண்டும், பெல்ட்டின் விலையைப் போலப் பல மடங்கு செலவாகும். பெரும்பாலும் முன்னறிவிப்பே இருக்காது. ஆகவே இது ஆட்டிப் பார்த்து முடிவு செய்யும் பாகமல்ல. கையேட்டில் சொன்ன கிலோமீட்டர் அல்லது ஆண்டு, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டியது. பழைய சான்ட்ரோவில் இருந்தது பெல்ட். மாருதியின் கே வரிசை என்ஜின்களில் இருப்பது உலோகச் செயின். அது நீண்டு தளரும்போது பெரும்பாலும் சத்தம் கொடுத்து எச்சரிக்கும். உங்கள் வண்டியில் இருப்பது எது என்பதை மெக்கானிக்கிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

குளிரூட்டும் அமைப்பில் நம் ஊருக்கே உரிய ஒரு கேடு உண்டு: ரேடியேட்டரில் குறைந்தால் போர்த் தண்ணீரை ஊற்றுவது. கடின நீரிலுள்ள சுண்ணச் சத்து சூட்டில் படிந்து உள்சுவரில் பூச்சாக ஒட்டும். உலோகத்தைவிட அது வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும். கூலண்ட்டில் இருக்கும் அரிப்புத் தடுப்பான்களும் நீர்த்துப் போகும். பல என்ஜின்களில் அடிப்பகுதி வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஒரே சூட்டுக்கு அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். சாதாரண வெப்பத்தில் இடையிலிருக்கும் கேஸ்கட் இந்த இழுபறியைச் சமாளிக்கும். அளவுமீறிக் காய்ந்தால் ஹெட் வளைந்து கேஸ்கட் ஊதிவிடும். அந்தப் பெரிய செலவுக்குக் காரணம் பெரும்பாலும் ஒரு ரப்பர் குழாய், தெர்மோஸ்டாட், ஃபேன் ரிலே, அல்லது ரேடியேட்டர் மூடி. மூடியை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அது உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் இருக்கிறது. வெளிக்காற்றைவிட ஒரு வளிமண்டலம் கூடுதல் அழுத்தம் இருந்தால் கொதிநிலை 120 டிகிரி. ஸ்பிரிங் தளர்ந்த மூடி அந்த 20 டிகிரிப் பாதுகாப்பையும் கொண்டுபோய்விடும். வெப்பமானியின் முள் வழக்கத்துக்கு மேலே ஏறினால் ஓரங்கட்டி நிறுத்துங்கள். "வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று ஓட்டும் அந்த ஐந்து கிலோமீட்டர்தான் ஹெட்டை வளைக்கிறது.

துருவைப் பொறுத்தவரை எவ்வளவு என்பதைவிட எங்கே என்பதே கேள்வி. இரும்பு துருவாகும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கும் மேலாகும். அதனால்தான் பெயிண்ட் கொப்புளித்து எழுகிறது. கதவின் அடியிலோ டிக்கி மூடியிலோ வந்தால் பார்க்க அசிங்கம், அவ்வளவுதான். சஸ்பென்ஷன் உடலோடு பூட்டும் இடத்திலும், கதவுக்குக் கீழே ஓடும் நீள்பெட்டியிலும், சீட் பெல்ட் நங்கூரத்திலும் வந்தால் கதை வேறு. மோதலின்போது விசையைத் தாங்க வேண்டியவை இவை. இங்கே பட்டி பூசிக் கறுப்பு அண்டர்கோட் அடிப்பது வேலையாகாது. ஓட்டையை மறைக்கும், வலுவைத் தராது. ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே இறங்கினால், நல்ல தகட்டை வெட்டி வெல்டிங் செய்ய முடியுமா என்பதை வைத்தே மற்றச் செலவுகளை முடிவு செய்ய வேண்டும். முடியாது என்றால் அந்த வண்டிக்குப் புது கிளட்ச் போடுவதில் அர்த்தமில்லை.

என்ஜினின் நிலையையும் பெரிய செலவுகளுக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பார்ப்பது சிறிய வேலை. அளவு ஒரு சிலிண்டரில் மட்டும் குறைந்தால், அதில் சிறிது என்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார்கள். ஆயில் பிஸ்டன் ரிங்கைச் சுற்றி அடைத்துக்கொள்ளும். அளவு ஏறினால் தேய்ந்தது ரிங். ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட். ஒரு கரண்டி எண்ணெயில் இவ்வளவு சொல்லிவிடும் சோதனையைச் செய்யாமலே "என்ஜின் வேலை" என்று சிலர் பிரித்துவிடுவது எனக்கு வருத்தம் தரும் விஷயம். கொஞ்சம் ஆயில் குடிக்கும் என்ஜினை அளவுகோலைப் பார்த்து ஊற்றி ஊற்றிப் பல ஆண்டுகள் ஓட்டலாம், புகைச் சோதனையில் தேறும்வரை.

மீதியெல்லாம் காத்திருக்கும். கிளட்ச் வழுக்கத் தொடங்கினால் ஏற்றத்தில் சொல்லும். ஜன்னல் மோட்டார், ஏ.சி., பம்பர் கீறல், உள்ளே கிழிந்த சீட் துணி, இவை வசதி சம்பந்தப்பட்டவை. செய்யாதீர்கள் என்று சொல்லவில்லை. வயதான பெற்றோரை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு மே மாதத்தில் ஏ.சி. அத்தியாவசியம்தான். ஆனால் பிரேக்குக்கும் டயருக்கும் பிறகு. வசதிப் பாகங்களுக்குச் சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிச் சந்தைகள் நல்ல வழி. கதவு, கண்ணாடி, ஹெட்லைட், ஜன்னல் மோட்டார் எல்லாம் தாராளமாக வாங்கலாம். பிரேக் பாகங்களையும் டயரையும் பெல்ட்டையும் அங்கே வாங்க வேண்டாம். அவற்றின் கடிகாரம் வேறொரு வண்டியில் ஏற்கெனவே ஓடியிருக்கிறது.

பணக் கணக்கில் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஒன்று, வண்டியின் விற்பனை விலையோடு செலவை ஒப்பிடுவது. ஒரு லட்சத்துக்கு விற்கக்கூடிய வண்டிக்கு அறுபதாயிரம் செலவா என்று அதிர்கிறோம். ஒப்பிட வேண்டியது அடுத்து வாங்கப்போகும் வண்டியோடு. அந்த அறுபதாயிரம் இன்னும் மூன்று ஆண்டு நம்பி ஓட்ட வைக்கும் என்றால் ஆண்டுக்கு இருபதாயிரம். அதோடு வழக்கமான பராமரிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேறு வண்டி வாங்கினால் வட்டி, காப்பீடு, ஆண்டுதோறும் இறங்கும் மதிப்பு எல்லாம் சேர்ந்து எவ்வளவு ஆகும் என்று எதிரே எழுதினால் விடை தெரியும். சில சமயம் பழைய வண்டி வெல்லும். கட்டமைப்பில் துரு ஏறியிருந்தால் பெரும்பாலும் தோற்கும்.

இரண்டாவது தவறு, "போன வருஷம்தான் நாற்பதாயிரம் போட்டேன், இப்போ எப்படி விடுறது" என்பது. ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற உளவியலாளர்கள் 1985இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தொடுகிறது. ஒரு நாடக அரங்கில் பருவச் சீட்டு வாங்கியவர்களில், யாருக்கு என்று தற்செயலாகத் தேர்ந்தெடுத்துச் சிலருக்குத் தள்ளுபடி தந்தார்கள். முழு விலை கொடுத்தவர்கள் பருவத்தின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகம் எல்லோருக்கும் ஒன்றுதான். கொடுத்துவிட்ட பணம்தான் அவர்களை இழுத்தது. போன ஆண்டு மாற்றிய கிளட்ச் இன்னும் உழைக்கும் என்பது கணக்கில் வர வேண்டிய செய்தி. அதற்குக் கொடுத்த நாற்பதாயிரம் திரும்ப வராது, எந்த முடிவை எடுத்தாலும்.

வேலைகளைத் தேர்ந்தெடுத்த பிறகு, எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்து முடித்து மறுநாள் விடியற்காலையில் நெடும்பயணம் கிளம்பாதீர்கள். வாடிங்டன் கண்ட அந்த ஏற்றம் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வெளியே வரும் ஒவ்வொரு காருக்கும் பொருந்தும். முழுதாக வெளியேறாத பிரேக் காற்று, இறுக்காத குழாய்க் கவ்வி, பெட்டியிலேயே குறையோடு வந்த தெர்மோஸ்டாட் எல்லாம் முதல் சில நாட்களில்தான் தலைகாட்டும். ஒரு வாரம் ஊருக்குள்ளேயே ஓட்டுங்கள். காலையில் வண்டி நின்ற இடத்தில் ஒழுக்கு இருக்கிறதா, பிரேக் ஆயில் மட்டமும் கூலண்ட் மட்டமும் குறிக்கு மேலே நிற்கின்றனவா என்று பாருங்கள். சக்கரத்தைக் கழற்றிய வேலை என்றால், நூறு கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை மறுபடி ஒருமுறை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.